ஆறடி பத்து அங்குலம்: ஜார்ஜ் மைக்கனின் கதை

பாஸ்கெட்பால் பயிற்சிக்கு ஒரு வாரம் போனவங்களுக்குக்கூட மைக்கன் டிரில் தெரிஞ்சிருக்கும். ரிம்முக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே நிற்கணும். வலது பக்கம் வலது கையால் ஒரு ஷாட். வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் பட விடாமல் பிடித்து, ஒரு அடி எடுத்து வைத்து, இடது பக்கம் இடது கையால் ஒரு ஷாட். மறுபடி வலது. மறுபடி இடது. பார்க்க ரொம்ப சுலபமா இருக்கும், ஒரு நிமிஷம் விடாம செஞ்சு பாருங்க, தோள்பட்டை கெஞ்சும்.

இந்த டிரில்லுக்குப் பெயர் தந்தவர் ஜார்ஜ் மைக்கன். ஜோர்டான், கோபி, லெப்ரான் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. மைக்கனைப் பற்றித் தமிழில் எழுத யாரும் இல்லாததால் இந்த இதழில் நான் எடுத்துக்கிட்டேன்.

நம்ம காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயருக்குக் கொஞ்சம் உயரமா ஒரு பையன் வந்து சேர்ந்தா போதும், பேரைக் கேக்குறதுக்கு முன்னாடியே பாஸ்கெட்பால் ஆடுவியான்னுதான் கேப்பாங்க. உயரமும் பாஸ்கெட்பாலும் நம்ம தலைக்குள்ள அப்படி ஒட்டிக்கிடக்கு. ஆனால் 1940களின் தொடக்கத்தில், இந்த ஆட்டம் பிறந்த அமெரிக்காவிலேயே அப்படி இல்லை. ரொம்ப நெட்டையாக ஒருவன் வந்தால், கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காத ஆள் என்று கோச்சுகள் முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1937 வரை கல்லூரி ஆட்டங்களில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கு நடுவே மேலே எறிவார்கள். அந்தத் தாவலை ஜெயிக்க ஒரு நெட்டை ஆள் தேவைப்பட்டார். தட்டிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அந்த விதி போனதும் ஆட்டம் முழுக்க ஓட்டமாகிவிட்டது. ஓடவும் திரும்பவும் தெரியாத நெட்டையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் கேள்வி இருந்த காலத்தில்தான் மைக்கன் வளர்ந்தார். வளர்ந்தார் என்றால் நிஜமாகவே வளர்ந்துகொண்டே போனார்.

1924 ஜூன் 18, இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவுக்குப் பக்கத்து ஊரான ஜோலியட். அப்பா குரோவேஷிய வம்சம், அம்மா லிதுவேனிய வம்சம். குடும்பத்துக்கு ஊரில் ஒரு மதுக்கடை இருந்தது. சின்ன வயதில் காலில் பட்ட பலத்த அடி பையனை ஒரு வருடத்துக்கும் மேல் படுக்கையில் போட்டது. பார்வையும் மோசம். தடிமனான கண்ணாடி இல்லாமல் எதுவும் சரியாகத் தெரியாது. பியானோ வாசிப்பார். சிகாகோவில் பாதிரியார் ஆவதற்கான பள்ளியிலும் படித்தார். விளையாட்டு வீரன் என்று யாருக்கும் தோன்றும்படியான வரலாறு இல்லை இது. ஜோலியட்டில் பள்ளி டீமில் சேரப் போனபோது, கண்ணாடி போட்டவனால் ஆட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கவனிக்கணும், உயரம் போதலன்னு அனுப்பல.

அடுத்து நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முயன்றார். அங்கே கோச் ஜார்ஜ் கியோகன், அன்றைக்குப் பெரிய பெயர். மைக்கனை மைதானத்தில் பார்த்தார். பந்து கையில் நிற்கவில்லை, கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. படிப்பில் கவனம் செலுத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தேர்வின்போது கியோகனுக்கு உதவியாளராக அங்கே இருந்தவர் ரே மேயர் என்ற இளைஞர். 1942இல் இந்த மேயர் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். அங்கே போய்ப் பார்த்தால், அதே கண்ணாடிப் பையன் மாணவனாக உட்கார்ந்திருக்கிறான்.

இருவரும் பார்த்தது ஒரே உடம்பைத்தான். 6 அடி 10 அங்குலம், அதாவது சுமார் 208 சென்டிமீட்டர். எடை 245 பவுண்டு, நம்ம கணக்கில் 111 கிலோ. கியோகனுக்கு அது ஒரு சுமையாகத் தெரிந்தது. மேயருக்கு, அதே உடம்பின் கீழே இருக்கும் இரண்டு கால்களைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்று தோன்றியது.

அவர் கொடுத்த பயிற்சிகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்கிப்பிங் கயிறு. குத்துச்சண்டைக்காரர்கள் செய்வதுபோல் காற்றில் குத்திக்கொண்டே கால் மாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேல், நடன வகுப்பு! கல்லூரியில் படித்த ஒரு பெண்ணைப் பிடித்து மைக்கனுக்கு நடனம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆறடி பத்து அங்குல ஆளோட சேர்ந்து ஆடுன அந்தப் பொண்ணோட பொறுமைக்கு ஒரு கோயில் கட்டலாம். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும்போது தடுமாறாமல் இருப்பதுதான் மேயரின் இலக்கு. உயரமான ஆளின் எடைமையம் தரையிலிருந்து அதிக உயரத்தில் இருக்கும். கால் வைக்கும் இடம் சற்றுப் பிசகினாலும் உடம்பு சாயும். என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதுனவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். அதன் பிறகு ஹூக் ஷாட். ரிம்முக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து வீசுவது. வலது கையால் நூற்றுக்கணக்கில், பிறகு இடது கையால் அதே அளவு, தினமும். இன்று நாம் செய்யும் டிரில் அந்தப் பயிற்சியின் மிச்சம்தான்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வயதுப் பையன்கள் ராணுவத்துக்குப் போனார்கள். மைக்கனை ராணுவம் எடுக்கவில்லை. அவர்கள் வைத்திருந்த உயர வரம்பைத் தாண்டிவிட்டார். ஒரு அளவு எங்கே கதவைத் திறக்கும், எங்கே மூடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது போல.

டிபாலில் மேயர் அவரை ரிம்முக்கு அடியில் காவல் நிறுத்தினார். கையை உயர்த்தினால் மைக்கனின் விரல் நுனி சுமார் 9 அடிக்குப் போகும். ரிம் இருப்பது 10 அடியில். ஒரு சின்னத் தாவல் போதும். எதிரணி வீசிய பந்து கூடைக்குள் இறங்கும் நேரத்தில் தட்டிவிட்டுவிடுவார். அன்றைய விதியில் அதற்குத் தடை இல்லை, ஏனென்றால் அப்படி ஒருவரால் செய்ய முடியும் என்றே விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியில் பாப் கர்லாண்ட் என்ற 7 அடி ஆளும் இதையே செய்துகொண்டிருந்தார். இருவரையும் பார்த்துவிட்டு, 1944-45 சீசனிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் பந்தைத் தொடக்கூடாது என்று கல்லூரி விளையாட்டு அமைப்பு சட்டம் போட்டது. இன்று கோல்டெண்டிங் என்கிறோமே, அதுதான்.

சட்டம் வந்ததும் மைக்கன் காணாமல் போயிருக்க வேண்டும். உயரம் மட்டும்தான் அவரிடம் இருந்தது என்றால் அப்படித்தான் ஆகியிருக்கும். 1945இல் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டியில் ரோட் ஐலண்ட் அணிக்கு எதிராக டிபால் 97-53 என்று ஜெயித்தது. அதில் மைக்கன் மட்டும் எடுத்தது 53. எதிரணி மொத்தமாகச் சேர்ந்து எடுத்ததை ஒரே ஆள் எடுத்தார்! கோப்பையும் டிபாலுக்கே. அதே மாதம் கர்லாண்டின் அணியோடு செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக ஒரு ஆட்டம் நடந்தது; அதில் மைக்கன் ஃபவுல் கணக்கு நிரம்பி பாதியிலேயே வெளியேற, டிபால் 52-44 என்று தோற்றது. கர்லாண்ட் பிறகு தொழில்முறை ஆட்டத்துக்கே வரவில்லை, ஃபிலிப்ஸ் எண்ணெய் நிறுவனத்தின் அணியில் அமெச்சூராகவே ஆடினார். கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே காலம், இரண்டு தனித்தனிப் பாதை.

1946இல் பட்டம் முடித்ததும் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணி மைக்கனை எடுத்தது. அந்த அணி சாம்பியனும் ஆனது. அப்புறம் அதன் முதலாளி தனக்கென்று ஒரு புது லீக்கே தொடங்கி, ஒரே மாதத்தில் அது கவிழ்ந்துவிட, வீரர்களை மற்ற அணிகள் பங்கு போட்டுக்கொண்டன. மைக்கன் மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்குப் போனார். ஆமாம், அதே லேக்கர்ஸ்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏரி எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருந்தால் பதில் இதுதான்: ஏரிகள் இருந்தது மினசோட்டாவில், பெயர் மட்டும் 1960இல் அணியோடு சேர்ந்து இடம் மாறியது.

லேக்கர்ஸில் கோச் ஜான் குண்ட்லா. கூட ஆடியவர்கள் ஜிம் போலார்ட், ஸ்லேட்டர் மார்ட்டின், 1949இலிருந்து வெர்ன் மிக்கெல்சன். இதில் மிக்கெல்சன் கதை கொஞ்சம் சுவாரஸ்யம். 6 அடி 7 அங்குலம், கல்லூரியில் அவரும் சென்டர்தான். ஆனால் மைக்கன் நிற்கும் இடத்தில் இன்னொரு சென்டருக்கு எங்கே இடம்? அதனால் ரிம்மைப் பார்த்த மாதிரி கொஞ்சம் தள்ளி நின்று ஆட அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பவர் ஃபார்வர்டு என்று சொல்லும் இடத்துக்கு அவரை முன்னோடியாகச் சொல்வார்கள். அவருடைய உயரத்துக்கு என்ன வேலை என்பதைப் பக்கத்தில் நின்றவரின் உயரம் முடிவு செய்தது.

1948, 1949, 1950, 1952, 1953, 1954 என்று லேக்கர்ஸ் கோப்பைகளை அடுக்கியது. கியர்ஸோடு எடுத்ததைச் சேர்த்தால் மைக்கனுக்கு மொத்தம் ஏழு. இடையில் விட்டுப்போன 1951இல் அவருக்குக் கால் எலும்பில் விரிசல்; அதோடும் ஆடினார். 1949 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வெளியே விளம்பரப் பலகையில் லேக்கர்ஸ் என்ற பெயரே இல்லை, மைக்கனுக்கும் நிக்ஸ் அணிக்கும் ஆட்டம் என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த சக வீரர்கள் உடை மாற்றாமல் அறையில் உட்கார்ந்துகொண்டு, நீயே தனியாகப் போய் ஆடு என்று கலாய்த்தது இன்றுவரை சொல்லப்படும் கதை. 1950இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த பாஸ்கெட்பால் வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. 1950 வரை என்.பி.ஏ.வில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. மைக்கன் அசைக்க முடியாதவராக நின்ற களம், பாதிக் கதவு அடைத்த களம். அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது 1948 பிப்ரவரியில் சிகாகோவில் தெரிந்தது. முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி, லேக்கர்ஸை 61-59 என்று கடைசி நொடி ஷாட்டில் வென்றது. அவர்களின் சென்டர் ரீஸ் டாடம், மைக்கனைவிட அரை அடி குட்டை. ஆனால் கைகளை விரித்தால் ஏழு அடி வரும் என்று சொல்வார்கள்.

இந்தக் கை விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் நம் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். நல்ல பாஸ்கெட்பால் ஆட்களுக்கு அது உயரத்தைவிடப் பல அங்குலம் கூடுதலாக இருக்கும். இன்று டிராஃப்டுக்கு முன்னால் இளைஞர்களை வரிசையாக நிற்கவைத்து அளக்கும்போது உயரத்தோடு விடுவதில்லை. கை விரிப்பு, நின்றபடி கையை உயர்த்தினால் எட்டும் உயரம், தாவினால் எட்டும் உயரம், உள்ளங்கை அகலம் எல்லாம் எடுக்கிறார்கள். ரிம்முக்கு அடியில் ஆடப்போகும் பையனுக்கு இதில் எட்டும் உயரம்தான் முக்கியம். காரணம் எளிது, தலையும் கழுத்தும் பந்தைத் தடுக்காது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில், தோள் மேலே இருந்து கையும் நீளமாக இருப்பவன் உண்மையில் இன்னும் நெட்டை. மைக்கன் காலத்தில் இதெல்லாம் கிடையாது, நிகழ்ச்சித் தாளில் உயரம், எடை, அவ்வளவுதான். அந்த உயரத்திலும் ஷூவைச் சேர்த்து ஒன்றிரண்டு அங்குலம் ஏற்றுவது அமெரிக்க பாஸ்கெட்பாலில் ரொம்பப் பழைய பழக்கம். 2019இல்தான் என்.பி.ஏ. ஷூ இல்லாமல் அளந்து சொல்லுங்க என்று அணிகளுக்கு உத்தரவு போட்டது. ஒரே நாளில் பல பேர் குட்டையானார்கள்!

சரி, மைக்கனுக்கு வருவோம். தொழில்முறை ஆட்டத்தில் அவரைத் தடுக்க எதிரணிகள் என்னென்னவோ செய்து பார்த்தன. இடித்தார்கள், முழங்கையால் குத்தினார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய முழங்கைக்கும் நல்ல பேர் உண்டு. எலும்பு முறிவுகள் அவருக்குப் பழகிப்போயின. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி வேறு ஒரு வழி கண்டுபிடித்தது. பந்தை மைக்கனிடம் போக விடாமல் இருக்க ஒரே வழி, பந்தை நாமே வைத்துக்கொள்வது. மினியாபொலிஸ் மைதானத்தில், ரசிகர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஷாட் எடுக்கவே இல்லை. ஆட்டம் 19-18 என்று முடிந்தது, பிஸ்டன்ஸ் வெற்றி. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். லேக்கர்ஸின் 18இல் 15 மைக்கனுடையது.

அடுத்த சீசனில் லீக் மைதானத்தையே மாற்றியது. ரிம்முக்கு முன்னால் வர்ணம் அடித்த செவ்வகம் இருக்குமே, அதற்குள் தாக்கும் அணிக்காரர் 3 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. அன்று அதன் அகலம் 6 அடி. மைக்கன் குறுக்கே படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! ரிம் நடுக்கோட்டில் இருப்பதால், செவ்வகத்துக்கு வெளியே நின்றாலும் பக்கவாட்டில் 3 அடிதான் தூரம். அங்கே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பந்து வாங்கி, ஒரு திருப்பு, ஒரு ஹூக், முடிந்தது. (மேலே வட்டமும் கீழே ஒல்லிச் செவ்வகமுமாகப் பார்க்கச் சாவித் துவாரம் மாதிரி இருந்ததால்தான் அந்த இடத்துக்குக் கீ என்று பெயர் வந்தது. இன்றைய அகல வடிவத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் புரியாது.) 1951-52 சீசனுக்கு அதை 12 அடியாக்கினார்கள். 3 அடி 6 அடியானது. அந்த விதியை இன்றும் மைக்கன் விதி என்றுதான் சொல்கிறார்கள்.

விளைவு உடனே எண்ணில் தெரிந்தது. முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 28.4 பாயிண்ட் எடுத்தவர், 23.8க்கு இறங்கினார். ஷாட் விழும் விகிதம் 42.8 சதவீதத்திலிருந்து 38.5 ஆனது. ஆனால் அதே சீசனில், 1952 ஜனவரியில், ராச்செஸ்டர் அணிக்கு எதிராக இரண்டு கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 61 பாயிண்டும் எடுத்தார். அவருடைய வாழ்நாள் உச்சம் அகலமான கீயில்தான் வந்தது. செவ்வகத்தை அகலமாக்கியது அவரைவிட மற்ற சென்டர்களைத்தான் அதிகம் வெளியே தள்ளியிருக்கும் என்பது என் கணிப்பு. நின்ற இடத்தில் நிற்க மட்டும் தெரிந்தவர்களுக்கு 6 அடி ரொம்ப தூரம்.

லீக் அதோடு விடவில்லை. 1954 மார்ச்சில், லேக்கர்ஸுக்கும் மில்வாக்கி ஹாக்ஸுக்கும் நடந்த ஒரு ஆட்டத்தில் ரிம்மை 12 அடிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். நெட்டை ஆட்களின் ஆதிக்கத்தைக் குறைக்கலாம் என்ற நினைப்பு. நடந்தது நேர் எதிர். எல்லோருடைய ஷாட்டும் தவறியது, மைக்கனுடையதும்தான். தவறிய பந்து எல்லாம் மேலே இருந்து விழுந்தது, அதை யார் பிடிப்பார்கள்? நெட்டை ஆட்கள்தான். லேக்கர்ஸே ஜெயித்தது. அந்த யோசனையை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

கடைசியில் மைக்கனின் வேகத்தைக் குறி பார்த்த விதி, அவரைக் குறிவைத்து எழுதப்பட்டதே இல்லை. அந்த 19-18 மாதிரியான இழுவை ஆட்டங்களை ஒழிக்க, 1954-55 சீசனில் ஷாட் கிளாக் வந்தது. சிராகியூஸ் அணி முதலாளி டேனி பியாசோன் போட்ட கணக்கு: ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2880 நொடி. நல்லா இருக்கும் ஒரு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கும். வகுத்தால் 24. நம்ம ஊர் குவார்ட்டர்லி எக்ஸாம் கணக்கு மாதிரி இருக்கில்ல? அந்த 24தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி 24 நொடிக்குள் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிவந்து இடம் பிடித்து ஷாட் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும்.

அது வருவதற்குச் சற்று முன்பே, 30 வயதில், மைக்கன் ஓய்வு அறிவித்திருந்தார். உடம்பில் காயம் நிறைய, வீட்டில் குழந்தைகள். ஆனால் 1955-56இல் அணி தடுமாறியதும் திரும்பி வந்தார். 37 ஆட்டம், சராசரி 10.5. உயரம் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. ஆட்டம் அவரைத் தாண்டி ஓடிவிட்டது. அந்த சீசனோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த சீசனில் பில் ரஸ்ஸல் வந்தார், ஏறக்குறைய அதே உயரம், ஆனால் ஓட்டப்பந்தய வீரன் போல ஓடுவார், ஆளுயரம் தாண்டுவார். பாஸ்டன் செல்டிக்ஸின் காலம் தொடங்கியது.

பிறகு மைக்கன் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்து முடித்திருந்தார், மினியாபொலிஸில் வக்கீல் தொழில். 1956இல் குடியரசுக் கட்சி சார்பில் அமெரிக்க காங்கிரஸுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1957-58இல் லேக்கர்ஸுக்கே கோச் ஆனார். 9 வெற்றி, 30 தோல்வி, பாதியில் இறங்கிவிட்டார். 1959இல் பாஸ்கெட்பால் புகழரங்கத்தின் முதல் தொகுதியில் இடம்பெற்றார்.

1967இல் என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக ஏ.பி.ஏ. என்ற லீக் தொடங்கியபோது அதன் முதல் ஆணையர் மைக்கன்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூவர்ணப் பந்து அவர் யோசனை. கண்ணாடி போட்டவர், தூரத்திலிருந்து பழுப்புப் பந்து சரியாகத் தெரியவில்லை என்பது அவர் வாதம். கூடவே அந்த லீக் தரையில் ஒரு வளைகோடு போட்டது. அதற்கு வெளியிலிருந்து கூடை போட்டால் மூன்று பாயிண்ட். அந்தக் கோட்டை 1979இல் என்.பி.ஏ.வும் எடுத்துக்கொண்டது. இன்று 7 அடிப் பையன்கள் ரிம்மை விட்டு 24 அடி தள்ளி நின்று ஷாட் பயிற்சி செய்கிறார்கள். அது வராவிட்டால் டீம்கள் யோசிக்கின்றன. ரிம்முக்கு அடியில் ஒரு நெட்டையன் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டியவரின் தலைமையில்தான், நெட்டையனை ரிம்மை விட்டு வெளியே இழுத்த கோடு வந்தது. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ!

கடைசிக் காலம் சுகமானதாக இல்லை. சர்க்கரை நோய் முற்றி, 2000இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ். மருத்துவச் செலவு தலைக்கு மேல் போனது. 1965க்கு முன் ஓய்வு பெற்ற வீரர்களுக்கு என்.பி.ஏ. ஓய்வூதியம் சொற்பம். கோடிக்கணக்கில் புரளும் லீக், அதை நடக்கவைத்த தலைமுறையை மறந்துவிட்டது என்று அவரும் அவர் காலத்து வீரர்களும் பேசிப் பார்த்தார்கள், பெரிதாக நகரவில்லை. 2001இல் மினியாபொலிஸ் டார்கெட் சென்டரில் அவருக்குச் சிலை வைத்தார்கள், கையை வளைத்து ஹூக் ஷாட் போடும் நிலையில்.

2005 ஜூன் 1 அன்று, 80 வயதில், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் மைக்கன் இறந்தார். அப்போது மியாமி அணிக்காகப் பிளே-ஆஃப் ஆடிக்கொண்டிருந்த ஷகீல் ஓ'நீல், 7 அடி 1 அங்குலம், செய்தி கேட்டதும் இறுதிச் சடங்குச் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். குடும்பம் சம்மதித்தது. அந்தப் பணம் அவர்தான் கொடுத்தார்.